எண்பது சென்ரிமீற்றர்

பொரளைப் பக்கம் வந்தே இராத தமிழருக்கும் பொரளையைத் தெரியும். வீரகேசரியின் மரண அறிவித்தல்களில் அது நிரந்தர விலாசம். பூதவுடல் பொரளை ஜயரத்ன மலர்ச்சாலையில் அஞ்சலிக்கு வைக்கப்படும், பிறகு கனத்தையில் தகனம், உற்றார் உறவினர் இதை ஏற்றுக்கொள்ளவும். கலியாண வீடுகளில் புதிதாக அறிமுகமாகிறவர்கள் "எங்க இருக்கிறீங்கள்?" என்று கேட்பார்கள். "பொரளையில" என்றதும் முகம் ஒருமாதிரிப் போகும். "அங்க வீடுகளும் இருக்கோ?"

இருக்கின்றன. அதைவிட, ஒரு சீவனுக்கு வேண்டிய சகலதும் நடைதூரத்தில் இருக்கின்றன. காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் பிறக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சீமாட்டி றிட்ஜ்வே. இரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று சோதித்துச் சொல்ல மருத்துவ ஆராய்ச்சி நிலையம். வார்ட் பிளேஸ் முழுக்க விசேட வைத்திய நிபுணர்கள். இங்கிலீஷ் மருந்து பிடிக்காவிட்டால் கோட்டா வீதியில் ஆயுர்வேத வைத்தியசாலை. ஒன்றும் பலிக்காவிட்டால் கனத்தை. இவ்வளவுக்கும் நட்டநடுவில், பொரளைச் சந்தியில், எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த றோல்ஸ்.

இந்தச் சுற்றுவட்டாரத்துக் கிளினிக் ஒன்றில்தான் தாதி ஒருவர் என் இடுப்பைச் சுற்றி அளவுநாடாவைப் போட்டார். நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். அவர் நாடாவைக் கையில் பிடித்தபடியே பக்கத்து மேசையில் இருந்தவருடன் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். எத்தனை பேரைப் பார்த்திருப்பார், எவ்வளவு நேரம்தான் ஒருத்தி மூச்சைப் பிடிப்பாள் என்று அவருக்குத் தெரியாதா? நான் மூச்சை விட்ட கணத்தில் திரும்பி, எண்ணை வாசித்து, எழுதிக்கொண்டார். அந்த எண்ணை இங்கே நான் எழுதப்போவதில்லை. எங்கள் பகுதிப் பெண்களுக்கு எல்லை 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆண்களுக்கு எதற்கு அந்தப் 10 சென்ரிமீற்றர் சலுகை என்று கேட்டேன். "நேரா நில்லுங்க" என்பதுதான் பதில்.

உடற்திணிவுச் சுட்டியிலும் எங்களுக்குத் தனிச் சட்டம்தான். உலகத்தாருக்கு 25 வரை போகலாம். 2004இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அறிக்கை, ஆசியர்கள் 23இலேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதே உயரம், அதே நிறை. வெள்ளைக்காரிக்கு நோர்மல், எனக்கு எச்சரிக்கை. லண்டனில் போய்க் குடியேறினாலும் தப்ப வழியில்லை. தெற்காசிய உடம்பு எங்கே போனாலும் கொழுப்பை முதலில் வயிற்றுக்குள்தான் சேமிக்கும், நீரிழிவையும் இளவயதிலேயே கூப்பிட்டுக்கொள்ளும். 2005-06இல் இலங்கையில் எடுத்த ஆய்வொன்றில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ இருந்தது. எங்கள் வீட்டில் ஐந்து பேர். அந்த ஒருவர் என்ற பதவியை மற்ற நால்வரும் பெருந்தன்மையோடு எனக்கே விட்டுத்தந்துவிட்டார்கள்.

தனியாக அறை எடுத்து இருப்பவர் நினைத்தால் மெலியலாம். குடும்பஸ்தர் மெலிவது அரசியலமைப்பைத் திருத்துகிற வேலை. மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பெரும்பான்மை மாமியிடம் இருக்கிறது.

"இரவில சோறு வேண்டாம் மாமி" என்று நான் அறிவித்த அன்று மாமி கையில் அகப்பையோடு நின்றார். "ஏன் பிள்ளை, இவனோட ஏதும் கோவமோ?" என்றார். எங்கள் ஆட்களில் ஒருத்தி சாப்பாடு வேண்டாம் என்றால் அதற்கு இரண்டே காரணங்கள்: விரதம், அல்லது புருசனோடு சண்டை. நாட்காட்டியில் விரதம் எதுவும் இல்லை. இவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "நான் ஒண்டும் செய்யேல்லை" என்றார்.

மாமியையும் குறை சொல்ல ஏலாது. எழுபதுகளில் விடியப்புறம் எழும்பிப் பாண் வரிசையில் நின்றவர். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந் தேத்தண்ணி குடித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். சட்டி நிறையச் சோறு இருக்கும்போது ஒருத்தி வேண்டுமென்றே பசியோடு படுப்பது அவருக்கு விளங்காத சாத்திரம். "மெலியிறதுக்கு நாங்கள் டொக்டருக்குக் காசு குடுக்கேல்லை பிள்ளை. அரசாங்கம் சும்மாவே மெலிய வச்சது" என்றார்.

கிளினிக்கில் ஒரு கொப்பியும் தந்திருந்தார்கள். சாப்பிட்டது எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். காலை, மத்தியானம், இரவு என்று அழகாகக் கோடு போட்டிருந்தது. ஒரு தாய் உண்மையில் சாப்பிடுகிற நேரம் இந்த மூன்றிலும் அடங்காது. மகள் கடித்துவிட்டு வைத்த பாண் கரை. மகன் போனைப் பார்த்துக்கொண்டே மறந்துபோன அரைக் கட்லட். சொதியில் ஊறிப்போய் எவருக்கும் வேண்டாமல் கிடக்கும் இடியப்பம் ஒன்றரை. இவற்றை நான் மேசையில் இருந்து சாப்பிடுவதில்லை. குசினியில், ஒரு கையால் தண்ணீர்க் குழாயைத் திறந்தபடி, மற்றக் கையால் கோப்பையை வழித்து வாய்க்குள் போட்டு, அதே வேகத்தில் கோப்பையைக் கழுவி வைத்துவிடுவேன். நின்றுகொண்டு தின்றது சாப்பாட்டில் சேராது என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் பரம்பரையாக நம்பிவரும் விஞ்ஞானம். சோற்றைக் கொட்டுவது பாவம் என்ற இன்னொரு சட்டமும் இருக்கிறது. அந்தப் பாவமெல்லாம் சேர்ந்து என் இடுப்பில் இருக்கிறது.

பிறகுதான் தேங்காயெண்ணெய்ச் சோறு எங்கள் வீட்டுக்குள் வந்தது.

கதை பக்கத்து ஊர்க் கதை. பொரளையிலிருந்து கோட்டா வீதியால் நேரே போனால் ராஜகிரிய. அங்குள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியில் படித்த சுதைர் ஜேம்ஸ் என்ற மாணவரும் அவருக்கு வழிகாட்டிய புஷ்பராஜா தவராஜாவும் சோற்றின் கலோரியைக் குறைக்கிற வழியொன்றைக் கண்டுபிடித்து, 2015 மார்ச்சில் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் டென்வர் மாநாட்டில் அறிவித்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. இலங்கை அரிசியில் 38 வகைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கொதிக்கிற தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய், பிறகு அரைக் கப் அரிசி. வெந்ததும் 12 மணித்தியாலம் பிரிட்ஜில். எண்ணெய் மாப்பொருள் மணிக்குள் புகுந்து அதன் கட்டமைப்பை மாற்ற, குளிரில் அது இன்னும் இறுகிக்கொள்ள, எங்கள் வயிற்று நொதியங்களுக்கு அதில் ஒரு பங்கு சீரணிக்க முடியாததாகிவிடுகிறது. சீரணிக்காதது உடம்பில் சேராது. திரும்பச் சூடாக்கினாலும் பலன் போகாதாம்.

இவர் இதை வாசித்தார். வாசித்தது பாதிதான். நல்ல இன அரிசியாகத் தேடிப் பிடித்தால் கலோரி 50, 60 வீதம் வரை குறையக்கூடும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். அவர்கள் கையில் அதுவரை கிடைத்திருந்தது 10 முதல் 12 வீதம். இவர் கண்ணில் பட்டது 50 மட்டும். "பாதிதானே சேரும்? அப்ப ரெண்டு மடங்கு சாப்பிடலாம்" என்று கோப்பையை நீட்டினார். இரண்டு மடங்கு சாப்பிட்டு அதில் 12 வீதத்தைக் கழித்தால், முன்பு 100 சாப்பிட்டவர் இப்போது 176 சாப்பிடுகிறார் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் வங்கியில் வேலை செய்கிறவர். வட்டி வீதம் வேறு, சோற்று வீதம் வேறு என்று சொல்லிவிட்டார்.

மாமியின் ஆட்சேபணை வேறு தரத்தில் இருந்தது. சோறு வடித்த பானைக்கு முன்னால் நின்று, "எண்ணெயையும் விட்டு, பழசும் ஆக்கி, அதைத் திண்டு மெலியிறதோ?" என்றார். பழஞ்சோறு அவருக்குத் தெரியாததல்ல. தயிரும் சின்ன வெங்காயமும் போட்டுக் குழைத்துத் திரணையாக உருட்டிக் கையில் தருவதில் அவரை வெல்ல ஆளில்லை. ஆனால் அது தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கும் மற்றநாள் காலைக்கும் உரியது. கந்தோரிலிருந்து களைத்து வரும் மகனுக்கு மருமகள் இரவில் நேற்றைய சோற்றை எடுத்து வைப்பதை இரசாயனச் சங்கம் ஏற்றுக்கொண்டாலும் அவர் ஏற்றுக்கொள்ளமாட்டார்.

இதெல்லாம் பரவாயில்லை. 12 மணித்தியாலம் என்ற நிபந்தனையில்தான் திட்டம் உடைந்தது. ராஜகிரிய ஆய்வுகூடத்துப் பிரிட்ஜில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பையன் யாரும் இருந்திருக்கமாட்டான். எங்கள் மகன் நடுச்சாமத்தில் எழும்பி, ஆறிக்கொண்டிருந்த சோற்றை எடுத்து, இரண்டு முட்டையையும் அரைப் போத்தல் தக்காளி சோஸையும் விட்டுப் பிரட்டி, பிரைட் ரைஸ் என்று பெயர் வைத்துச் சாப்பிட்டான். காலையில் காலிப் பாத்திரத்தைக் காட்டிக் கேட்டேன். "ஆறு மணித்தியாலம் ஆகியிருந்தது அம்மா. பாதிப் பலன் கிடைக்கும்தானே?" என்றான். தகப்பனின் கணக்கு.

பின்னேரம் என்றால் சூன் பாண், இசை போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் ஓட்டோ. இந்த ஓட்டோக்காரர்கள் பூட்டியிருக்கும் இசை பீத்தோவன் 1810இல் எழுதிய ‘ஃபூர் எலீஸ்’. வியன்னாவில் அதை எழுதும்போது, இது முதலைக் குட்டி போல நீட்டிச் சுட்டு மேலே சீனி தூவிய கிம்புலா பனிஸின் தேசிய கீதமாகும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார். சந்தியில் முதல் சுரம் கேட்டதும் மகள் செருப்பைத் தேடுவாள். அதற்குள் மாமி கேற்றடியில், கையில் பேர்ஸோடு நிற்பார். "பிள்ளையளுக்குத்தான்" என்பார். நான்கு பனிஸ் வாங்குவார். பிள்ளைகள் இரண்டு பேர்.

சட்டம் எங்கள் வீட்டில் ஒரேயொரு இடத்தில்தான் வென்றது. 2016 ஓகஸ்ட் முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்ப நிற அடையாளம் போட வேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். மகள் வகுப்பில் இதைப் படித்துவிட்டு வந்து, இவர் வாங்கி வந்த போத்தலைத் திருப்பிப் பார்த்து, "அப்பா, சிவப்பு. நிக்கோணும்" என்றாள். பொரளைச் சந்தியில் பொலிஸ்காரர் இல்லாத நேரம் சிவப்பு விளக்குக்கு நிற்காத மனிதர், மகளுக்கு நின்றார். மற்றநாள் செம்மஞ்சள் போத்தல் வாங்கி வந்தார். இரண்டு போத்தல்.

அவரும் ஒருகாலத்தில் மெலிந்திருக்கிறார், அதையும் எழுதிவிட வேண்டும். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடு நின்றபோது, பழைய சைக்கிளைத் தூசி தட்டிக் கோட்டைக்கு உழக்கினார். காஸும் இல்லை, பொரியலும் இல்லை. ஜூலையில் கியூஆர் வந்து வாரத்துக்கு இவ்வளவு லீற்றர் என்று அளந்து தந்த காலத்திலும் சைக்கிள் ஓடியது. திருமணப் படத்தில் இருந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். எந்த உணவியல் நிபுணராலும் முடியாததைத் திறைசேரி வெறுங் கையோடு செய்து காட்டியது. 2023 செப்டெம்பரில் கியூஆரை எடுத்தார்கள். சைக்கிள் இப்போது பல்கனியில். அதன் ஹாண்டிலில் துவாய் காய்கிறது.

நடப்பது என்று நான் முடிவெடுத்தேன். சுதந்திர சதுக்கத்தில் நடக்கலாம். ஆனால் அங்கே நடக்கிறவர்களின் சப்பாத்தின் விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு மாதச் சாமான் வாங்கலாம். கனத்தை மதிலோரம் நல்ல நிழல், மலர்வளையக் கடைகளின் வாசமும் உண்டு. மாமி அந்தப் பக்கம் நினைக்கவும் விடமாட்டார். மிஞ்சியது கெம்பல் பார்க். தனியாகப் போக ஒருமாதிரியாக இருந்ததால் மாமியைத் துணைக்குக் கூட்டிப்போனேன். அவர் சேலையும் ரப்பர் செருப்புமாக வந்தார். ஒரு சுற்று முடியுமுன் இரண்டு சிங்கள ஆச்சிமாரோடு சிநேகமாகிவிட்டார். மாமியின் சிங்களம் பொரளைச் சந்தையில் மரக்கறி பேரம் பேசிப் படித்தது. விலை, வருத்தம், மருமகள் ஆகிய மூன்று விடயங்களுக்கும் தாராளமாகக் காணும். ஆச்சிமார் வல்லாரைக் கொலகெந்த கொண்டு வந்தார்கள். கஞ்சியைக் குடித்துவிட்டு, கதை முடியாததால் இன்னொரு சுற்று.

எனக்கு மகனின் ரியூசன் நேரம் மாறியது. பிறகு மகளுக்கு நடன வகுப்பு. பிறகு கந்தோரில் கணக்காய்வு. மாமி மட்டும் தவறாமல் போய்வந்தார், மழைக்குக் குடையோடு. காலையில் கஞ்சியிலேயே வயிறு நிறைந்துவிடுவதால் பாண் வேண்டாம் என்றார். இரவில் களைப்பு, அரைக் கோப்பையோடு எழும்பினார். சேலைச் சட்டைகளை இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்கக் கொடுக்க வேண்டியிருந்தது.

வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். 154ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கி மண்டபத்துக்குள் நுழைந்ததும், மாமியைச் சுற்றி ஒரு கூட்டம் கூடியது. "என்னக்கா, இப்பிடி உருகிப் போனியள்?" ஒவ்வொருவரும் முதலில் மாமியைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகக் கண்ணைத் திருப்பி, முழு அளவில் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடித்தது அவர்கள் முகத்தில் தெரிந்தது. பந்தியில் என் இலையில் பாயாசம் விட வந்தவரை நான் கைகாட்டி மறித்ததைக்கூட ஒருவரும் நம்பவில்லை.

செய்தி கனடாவுக்கு அன்றிரவே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் மச்சாள் வந்தார். தாயைப் போனுக்குக் கிட்ட வரச்சொல்லி, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, "என்னம்மா கழுத்தெலும்பு தெரியுது? அங்க சாப்பாடு ஒழுங்காக் கிடைக்குதோ?" என்று கேட்டார். கேள்வி மாமிக்கு, குரல் எனக்கு. 80 சென்ரிமீற்றர், 23, கெம்பல் பார்க், வல்லாரைக் கஞ்சி எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து விளக்க நான் வாயைத் திறந்தேன். மாமி முந்திக்கொண்டார்.

"கிடைக்குது பிள்ளை, கிடைக்குது. எண்ணெய் விட்ட பழஞ்சோறு."