ஒராவோன் என்று தேடுங்கள்

கே: எங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஜார்க்கண்ட் தம்பி, போனில் அம்மாவிடம் பேசுவது இந்தி மாதிரி இல்லை. கேட்டால் 'குடுக்' என்கிறார். அதற்கு ஓசியில் இலக்கணம் கிடைக்குமா?
(வாசகி, சைதாப்பேட்டை)

ப: கிடைக்கும். முதலில் அந்தத் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், அவர் நமக்குப் பங்காளி முறை! குடுக் திராவிட மொழி. 'நான்' அங்கே 'ஏன்'. 'நீ' அங்கே 'நீன்'. கண்ணைத் தொண்டையில் உரசும் ககரத்தோடு 'கன்' என்பார்கள். சோட்டா நாக்பூரில் இருந்த பாதிரியார் ஃபெர்டினாண்ட் ஹான் எழுதிய இலக்கணம் 1900-இல் கல்கத்தாவில் அச்சானது. இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறது. கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வில், 1906-இல் வந்த நான்காம் தொகுதியையும் பாருங்கள்.

கே: தேடினேன். ஒன்றும் வரவில்லையே?

ப: பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் பழைய புத்தகம் திரும்பிப் பார்க்கும். குடுக்கை 'ஒராவோன்' என்று தேடுங்கள். கன்னடத்துக்கு 'கேனரீஸ்'. தமிழேகூட 'மலபார்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். சீகன்பால்கு 1716-இல் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணத்துக்கு 'டாமூலிகா' என்று பெயர். கேம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணம் (1816) முகப்பில் 'தெலூகூ' ஆகிவிட்டது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தெலுங்கு சமஸ்கிருதத்தில் பிறந்ததல்ல, தமிழுக்கும் கன்னடத்துக்கும் உடன்பிறப்பு என்று நம் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் நிறுவிய குறிப்பு அதில்தான் இருக்கிறது. கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கண நூல் வருவதற்கு 40 ஆண்டுகள் முன்பே! அதைத் திரையில் முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கே: சும்மா கிடைப்பதெல்லாம் பழசுதானா?

ப: இல்லை. பெர்லினிலுள்ள லாங்க்வேஜ் சயன்ஸ் பிரஸ் புதிய இலக்கணங்களை முழுதாக இறக்கிக்கொள்ளவே வெளியிடுகிறது. கிழக்கு நேபாளத்தின் யாக்கா மொழிக்கு 2015-இல் வந்தது.

கே: ஹான் புத்தகத்தை இறக்கிவிட்டேன். எங்கிருந்து ஆரம்பிக்க?

ப: எடுத்துக்காட்டு வாக்கியங்களிலிருந்து. பத்தை எழுதிக்கொண்டு போய் அந்தத் தம்பியிடம் வாசித்துக் காட்டுங்கள். 'எங்கள் ஊரில் இப்படிச் சொல்லமாட்டோம்' என்று அவர் திருத்தினால், ஓரத்தில் தேதி போட்டு, அவர் ஊர்ப் பெயரோடு குறித்துவையுங்கள்.