இலவச ரத்துக்காரர்

ஐபிஎல் இறுதிப்போட்டி எந்த ஊரில் என்று அறிவிப்பு வந்த அரை மணி நேரத்தில் அந்த ஊரில் மூன்று அறைகளைப் பிடித்துவிடும் ஒருவர் எல்லா நண்பர் வட்டத்திலும் இருக்கிறார். கையில் டிக்கெட் இருக்காது. தன் அணி இறுதிக்கு வருமா என்பதும் தெரியாது. ஆனாலும் அறை பிடிக்கும் ஆப்பில் ‘இலவச ரத்து’ என்று பச்சை எழுத்தில் பார்த்துவிட்டால் இவருக்குக் கை சும்மா இருக்காது. தன் பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டேடியம் பக்கத்தில் ஒன்று. மிச்சமிருக்கும் அறை குறையக் குறைய வாடகையை ஏற்றுவதுதான் ஆப்பின் கணக்கு. ஒரு வாரம் கழித்து அதே ஆப்பைத் திறந்து, ஏறிய வாடகையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ‘பகல் கொள்ளை’ என்று வாட்ஸ்ஆப் குழுவில் போடுபவரும் இவரேதான். மேட்ச் நாள் வாடகைக்கு எல்லோரும் லாட்ஜ்காரரைத் திட்டுகிறார்கள். அந்தத் திட்டில் நியாயமாக ஒரு பங்கு இவருக்கும் சேர வேண்டும் என்பது என் கட்சி.

2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிப்போட்டி சேப்பாக்கத்தில் நடந்திருக்க வேண்டியது. ஐ, ஜே, கே கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காததால் ஏப்ரல் மாதத்தில் அதை ஹைதராபாத்துக்கு மாற்றினார்கள். மே 7-இல் சென்னை அணி சொந்த மண்ணிலேயே மும்பையிடம் தோற்றது. 10-ஆம் தேதி இரவு விசாகப்பட்டினத்தில் டெல்லியை வென்ற பிறகுதான் 12-ஆம் தேதி ஹைதராபாத்தின் உப்பல் மைதானத்தில் ஆடப்போவது உறுதியானது. நடுவில் முழுசாக ஒரே ஒரு நாள். நிஜமாகவே போக வேண்டியவர் அந்த நாளில்தான் அறை தேடத் தொடங்குவார். ‘எதற்கும் இருக்கட்டும்’ அறைகளோ மூன்று வாரமாகப் பூட்டிக் கிடக்கும். ஆட்டம் ராத்திரி, சென்னைக்கு வரும் சார்மினார் எக்ஸ்பிரஸ் சாயங்காலமே கிளம்பிவிடும். ஆகவே வெளியூர்க்காரர் எல்லோருக்கும் அதே ஒரு ராத்திரிக்குத் தலை சாய்க்க இடம் வேண்டும். அன்றைக்கும் ஹைதராபாத்தில் பிரியாணிக்குப் பஞ்சம் வராது, கூட்டம் வந்தால் இன்னொரு டேக்சாவை அடுப்பில் வைக்கலாம். லாட்ஜுக்கு ஒரே நாளில் இன்னொரு மாடி கட்ட முடியாது.

‘அதற்காக இரண்டு மடங்கு, மூன்று மடங்கா? இது பேராசை இல்லையா?’ என்பார்கள். பேராசைதான். ஆனால் அது லாட்ஜ்காரருக்கு வருஷம் முழுக்க இருக்கும் குணம். சாதாரணச் செவ்வாய்க்கிழமையும் அவர் பத்தாயிரம் கேட்க ஆசைப்படத்தான் செய்வார்; கொடுக்க ஆளில்லை. 2023 உலகக்கோப்பை இதைக் காட்டிக்கொடுத்தது. இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்துக்கு அகமதாபாத்தில் வாடகை எகிறிய வேகத்தில், சிலர் ஓர் இரவு தங்கலோடு முழு உடல் பரிசோதனை கிடைக்குமா என்று ஆஸ்பத்திரிகளில் விசாரித்ததாகச் செய்தி வந்தது. அதற்கப்புறம் ஆட்டத்தையே 15-ஆம் தேதியிலிருந்து 14-க்கு மாற்றினார்கள். 15-க்கு அறை பிடித்தவர் கதியை நினைத்துப் பாருங்கள். அதே உலகக்கோப்பையில் உப்பலிலும் மூன்று ஆட்டங்கள் நடந்தன, இரண்டில் பாகிஸ்தானே ஆடியது. ஆனால் மூன்றிலும் இந்தியா இல்லை, அப்படி ஒரு கூக்குரலும் எழவில்லை. ஹைதராபாத் லாட்ஜ்காரர்கள் அகமதாபாத்காரர்களை விடப் பரம சாதுக்கள் என்றா சொல்வது?

வாடகை ஏறினால் அரசாங்கமும் கூடவே ஏறிக்கொள்கிறது என்பது தனிக் கதை. 2025 செப்டம்பர் முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875. ஒரு ரூபாய் கூட்டினால் 8,851. அந்த ஒரு ரூபாயைப் பற்றி நம்மவர் ஸ்கிரீன்ஷாட் எதுவும் போட்டதாகத் தெரியவில்லை.

லாட்ஜ்காரருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. முன்பணம் வாங்கி உறுதி செய்த அறையை, ‘சிஸ்டம் எரர் சார்’ என்று கைவிரித்துவிட்டு அதிகம் கொடுப்பவருக்குத் தள்ளிவிடுவது அயோக்கியத்தனம், அதற்குச் சந்தைக் கணக்கு எதையும் சாக்காகச் சொல்ல முடியாது. ஆனால் வாய்திறந்து விலை கேட்பது வேறு. வேண்டாமென்றால் வேறிடம் போகலாம், ஹைதராபாத்தில் வேறிடமும் இருக்கிறது. உப்பல் கிழக்குக் கோடி. பெரிய ஹோட்டல்கள் பலவும் மேற்கே, ஐடி கம்பெனிகளை நம்பி ஹைடெக் சிட்டி பக்கம். கம்பெனி விருந்தாளிகள் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விடுவதால் சனி, ஞாயிறில் அங்கே கூட்டம் குறையும். 2019 இறுதிப்போட்டி நடந்தது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு மாதம் முன்பே ஹைடெக் சிட்டி வரை மெட்ரோ வந்துவிட்டது. அங்கே ஏறினால் மாறாமல் கொள்ளாமல் ‘ஸ்டேடியம்’ என்றே பெயருள்ள நிலையத்தில் இறங்கலாம். இதை நம்மவரிடம் சொல்லிப் பாருங்கள். ‘அவ்வளவு தூரமா?’ என்பார், எழுநூறு கிலோமீட்டர் தள்ளி சென்னையில் உட்கார்ந்துகொண்டு.

ஆட்டத்துக்கு முந்தின நாள் அவர் தன் மூன்று அறைகளில் இரண்டை விடுவிப்பார். விடுவித்த கையோடு ஆப்பில் வாடகை கொஞ்சம் இறங்கியிருக்கும். உடனே லாட்ஜுக்குப் போன் போட்டு, ‘அண்ணே, ஆப்ல இப்போ குறைச்சலா காட்டுது, எனக்கும் அதே ரேட்டைப் போடுங்க’ என்று பேரம் பேசுவார். 2019 இறுதியில் சென்னை ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அன்று இவரைப் போல ஒருவர் நள்ளிரவில் லாட்ஜ் கவுன்டரில் நின்று, ‘தோத்துட்டோம் சார், பார்த்துக் குறைச்சுக்கக் கூடாதா?’ என்று கேட்டிருக்க மாட்டார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.