இருட்டைப் படம் எடுப்பவர்கள்

சார்ல் மெஸ்ஸியே வால்மீன் வேட்டைக்காரர். வழியில் குறுக்கிட்ட மங்கல் திட்டுகளைப் பார்த்து ஏமாறக் கூடாதென்று பட்டியல் போட்டார். 1781-இல் அது 103 வரை வந்தது. நம் கார்த்திகைக் கூட்டமும் அதில் 45ஆம் எண். அவர் தள்ளிவைத்தவற்றைப் படம் பிடிக்கத்தான் இன்று மொட்டைமாடியில் ஆட்கள் சம்பளத்தைக் கொட்டுகிறார்கள்.

தொலைநோக்கி மட்டும் போதாது. பூமி சுழல்வதால், வானத்தோடு கூடவே திரும்பும் தாங்கி வேண்டும். பல சமயம் தொலைநோக்கியைவிட அதற்குத்தான் விலை அதிகம். அது ஒழுங்காகத் திரும்புகிறதா என்று வேவு பார்க்க இன்னொரு கேமரா. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கணினியில் அடுக்க வேண்டும். நடுவே மூடியைப் போட்டு வெறும் இருட்டையும் எடுப்பார்கள். (சென்சாரின் இரைச்சலைக் கழிக்க. வீட்டில் விளக்கிப் பாருங்கள்.)

ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் ஒளி 25 லட்சம் ஆண்டு பயணம் செய்து வந்து, எதிர்வீட்டு எல்இடி விளக்கில் கரைந்துபோகும். அது இரவில் வாகாக உச்சிக்கு ஏறுவதும் அக்டோபர், நவம்பரில்தான். சென்னையில் அப்போது வடகிழக்குப் பருவமழை.

இத்தனைக்கும் பிறகு தேறிய படத்தைக் காட்டினால், பெரியப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்பார்: "ஏம்ப்பா, கூகுள்ல இதைவிடத் தெளிவா இருக்கே?"