மணவுறுதி வாக்கியம்: பழவேற்காட்டு ஏரியோரம் ஓர் ஆய்வு

கல்யாணம் எந்த நொடியில் முடிந்தது என்று கேட்டால், பந்தியில் உட்கார்ந்திருப்பவர் ஒரு விடை வைத்திருப்பார். மொய் நோட்டுக்காரர் வேறொன்று சொல்வார். இவ்விருவரையும் இவ்வாய்வு எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. என்ன சொன்னால், எந்தக் காலத்தில் சொன்னால், யார் காதில் விழுந்தால் ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவி ஆகிறார்கள் என்பது மட்டுமே இதன் பொருள். களம், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்துப் பழவேற்காடு. மாதா கோயில், பள்ளிவாசல், குப்பத்து அம்மன் கோயில் மூன்றும் அங்கே உண்டு என்பதால், மாதிரி சேகரிக்க ஊர் ஊராக அலையும் செலவு மிச்சம்.

இத்துறைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1632 முதல் பத்தாண்டுக் காலம் இங்கே டச்சுக்காரர்களுக்குப் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோகேரியஸ், பத்மநாபன் என்னும் பிராமணரைக் கேட்டுக் கேட்டு எழுதிய நூல் 1651இல் அச்சேறியது. கல்யாணச் சடங்குகளும் அதில் வருகின்றன, ஆனால் பெரும்பாலும் பிராமணர் வழக்கமாகவே வருகின்றன. மீனவர் தரப்பில் 370 ஆண்டுக்கு மேல் ஆய்வு இடைவெளி. இவ்வளவு பெரிய இடைவெளி கிடைத்தால் எந்த ஆய்வாளர்தான் விடுவார்?

முதலில் சட்டம். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. இத்தகைய திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா முதல்வரான பிறகு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவு நுழைந்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்தவற்றுக்கும் அது செல்லும் என்பதால், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அந்த ஜனவரியில்தான் சட்டப்படி புதுமணத் தம்பதிகளானார்கள்.

பிரிவின் வாசகம் ஆய்வாளருக்கு விருந்து. இருவருக்கும் புரியும் ஏதாவது ஒரு மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம். அல்லது எந்த விரலிலாவது மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். கட்டைவிரலும் செல்லும். என்ன சொற்கள் என்பதைச் சட்டம் எழுதித் தரவில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இவ்வளவு தாராளமில்லை: பதிவு அலுவலர் முன், மூன்று சாட்சிகள் பார்த்திருக்க, பெயரைச் சொல்லி ஏற்கும் வாக்கியத்தை அதுவே வகுத்துத் தந்திருக்கிறது.

இனி இலக்கணம். மாதா கோயிலில் ஓலை வாசித்துத் தடை ஏதும் வராத பிறகு, மணமக்கள் நிகழ்காலத்தில் ஏற்று எதிர்காலத்துக்கு வாக்களிக்கிறார்கள். நிக்காஹ்வில் பெண்ணின் பொறுப்பாளர் தரப்பு முன்மொழிய, மாப்பிள்ளை "கபூல் செய்தேன்" என்று இறந்தகாலத்தில் முடிக்கிறார். இரண்டு சாட்சிகள், மஹர் தொகை, தஃப்தரில் கையெழுத்து. எதிர்காலத்தில் பேசுகிறவரைவிட இறந்தகாலத்தில் பேசுகிறவருக்கே தப்பிக்க இடம் குறைவு என்பது இவ்வாய்வின் துணைமுடிவு. முகூர்த்தப் பந்தலிலோ வினைமுற்றே கேட்பதில்லை. மந்திரமோ சம்மதமோ எதுவானாலும் அந்த நொடி பார்த்துக் கெட்டிமேளம் அதை மூடிவிடுகிறது. கடற்காற்றும் ஒலிபெருக்கியும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

எல்லைச் சிக்கல் ஒன்றையும் பதிவு செய்தாக வேண்டும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. 7-அ தமிழ்நாட்டுத் திருத்தம். படகில் நின்று வாக்கியத்தைத் தொடங்கிய மாப்பிள்ளை, கோல் ஊன்றுபவரின் கவனக்குறைவால் வினைமுற்றை அக்கரைத் தண்ணீரில் சொல்லிவிட்டால்? இருவருக்கும் தெலுங்கும் புரியும் என்பது அங்கே உதவாது. சப்தபதியோ வழக்கத்தில் உள்ள வேறு சடங்கோ தேவை. எழுவாய் தமிழ்நாட்டிலும் பயனிலை ஆந்திரத்திலும் கிடக்கும் வாக்கியம் பற்றி நன்னூலாரும் பேசவில்லை.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 7-அ திருமணத்துக்கு ஊரறியப் பறைசாற்ற வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. காதலர்களுக்கு நல்ல தீர்ப்பு. ஆனால் ஏரியோரப் பட்டினவ மீனவர் ஊர்களில் யாருக்கும் தெரியாமல் கணவனாக இருப்பது கஷ்டம். சோழமண்டலக் கரையில் மணமான ஆண் ஒரு தலைக்கட்டு; ஊர்வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் விழும். பழவேற்காட்டில் இதற்கு மேலே பாடு முறை வேறு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டும் முறையும் தீர்மானிக்கின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இந்த முறைக்குப் பேர்போனவை. ஊர்ப் பட்டியலில் ஒரு பெயர் ஏறினால், ஏற்கெனவே உள்ளவர்களின் முறை அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். எனவே மாப்பிள்ளை சொல்வதை மணப்பெண்ணைவிடக் கூர்ந்து கேட்பவர்கள் பங்காளிகள்தான் என்பது இவ்வாய்வின் மையக் கருதுகோள். "அவனுக்குக் கல்யாணம் ஆகிப்போச்சு, தலைக்கட்டு சேர்த்தாச்சு" என்று ஊர்க்கூட்டத்தில் ஒருவர் சொல்வதற்கு மேளமும் இல்லை, மாலையும் இல்லை. இருந்தும் அதற்குக் கட்டுப்படும் ஆட்கள் அதிகம்.

நிறைவாக, எல்லாத் தரப்புக்கும் ஏற்ற மாதிரி வாக்கியம் ஒன்று இங்கே முன்வைக்கப்படுகிறது: "இன்னாரை ஏற்றேன், ஏற்கிறேன், ஏற்பேன், வரி கட்டுவேன், அடுத்த சுற்றில் என் சீட்டையும் சேர்த்துப் போடுங்கள்." கெட்டிமேளத்தைக் கடைசிச் சொல் முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டும். தவில்காரர்கள் இதற்கு ஒப்புவார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் அடுத்த முகூர்த்த மாதத்திலேயே தொடங்கலாம்.