ஊகத்துறை

பதின்வயதுப் பிள்ளை காணாமல் போனால் விசாரணை இரண்டு இடங்களில் தொடங்கும்: போலீஸ் நிலையத்திலும் மாமாக் கடையிலும். தாசேக் கெலுகோர் போன்ற சிற்றூரில் இரண்டாவதுதான் வேகம். தே தாரிக் வருவதற்குள் காதல் விவகாரம். ரொட்டி சானாய் வருவதற்குள் கடத்தல். காசு கொடுத்து எழும்போது பிள்ளை கொமுட்டர் ரயிலேறி, பாடாங் பெசார் வழியாகத் தாய்லாந்துக்கே போயாயிற்று. சாட்சி தேவையில்லை, தலையாட்ட ஒருவர் போதும். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்கலாம் என்ற சட்டமும் இங்கே இயற்றப்பட்டதுதான். போலீஸ் அப்படிக் காத்திருக்கச் சொல்வதில்லை.

இந்த ஊகத்துறை உச்சம் தொட்டது 2019இல். ஆகஸ்ட் 4 அன்று சிரம்பான் அருகே ஒரு விடுதியிலிருந்து 15 வயது ஐரிஷ்-பிரெஞ்சுச் சிறுமி காணாமல் போனாள். நூற்றுக்கணக்கானோர் காட்டில் தேடினார்கள், போமோக்களும் வந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று, சுமார் 2.5 கிலோமீட்டர் தொலைவில் உடல் கிடைத்தது. 2021 ஜனவரியில் மரண விசாரணை அதிகாரி விபத்து என்றார்; ஜூனில் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, காரணம் தீர்மானிக்கப்படாத மரணம் என்றது. மாமாக் கடைகள் தம் தீர்ப்பை முதல் வாரமே வழங்கிவிட்டன, மேல்முறையீட்டுக்கு இடமில்லை.