நிறைந்தால் வாடை, குறைந்தால் காணோம்

கேள்வி: டெக்சஸில் 2004 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஓட்டுகிறேன். டேங்கை நிரப்பினால் இரண்டு நாளைக்குப் பெட்ரோல் வாடை தாங்கவில்லை. பாதிக்கு இறங்கியதும் தானாகவே போய்விடுகிறது. டேங்கையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?

பதில்: பொறுங்கள். பர்ஸைத் திறப்பதற்கு முன் வண்டியைத் திறந்து பார்ப்போம். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். டேங்கின் அடியில் ஓட்டை இருந்தால் பாதி டேங்கிலும் சொட்டும். நிறைந்தால் மட்டும் வாடை என்றால் கோளாறு மேல்பக்கம். அங்கே இருப்பவை நாலே சங்கதிகள்: பெட்ரோல் ஊற்றும் குழாயை டேங்கோடு இணைக்கும் ரப்பர் ஹோஸ், பம்ப்பின் தலைப்பகுதியில் உள்ள ரப்பர் வளையம், ஆவி போகும் சிறு குழாய்கள், அந்த ஆவியைப் பிடித்து வைக்கும் கரி கேனிஸ்டர்.

இவற்றைப் பார்க்க டேங்கை இறக்க வேண்டியதில்லை. பிக்கப்பின் பெருமையே அதுதான்! பின்பக்க பாடி தனித் துண்டு. மாடலைப் பொறுத்து ஆறோ எட்டோ போல்ட். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பின்விளக்கு ஒயர், எர்த் ஒயர், பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூக்கள், பிறகு போல்ட்டுகள். பலமான நாலு நண்பர்களைக் கூப்பிட்டுத் தூக்கி வையுங்கள். பிரியாணி செலவு உங்களுடையது. டேங்கை இறக்கும் கூலியைவிடக் குறைவாகத்தான் வரும்.

இனி கண்ணுக்கு வேலை. டேங்கின் மேல் வருஷக்கணக்கான தூசி படிந்திருக்கும். கசிவு உள்ள இடத்தில் மட்டும் அந்தத் தூசி நனைந்து கறுத்திருக்கும். பம்ப்பைச் சுற்றி அப்படியொரு கறுப்பு வட்டம் தெரிந்தால், குற்றவாளி ரப்பர் வளையம். ஊற்றும் குழாயின் ஹோஸை வளைத்துப் பாருங்கள். மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் விரியும். பம்ப்பைத் திறப்பதாக இருந்தால் முதலில் தூசியை ஊதித் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்குக்குள் போகும். பழைய வளையத்தைத் திரும்பப் போடவே கூடாது.

இன்னொன்று கேட்கிறேன்: பங்கில் நாசில் 'டக்' என்று நின்ற பிறகும் ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் அமுக்கி ஊற்றுவீர்களா? ஆவிக்காக வைத்த கேனிஸ்டருக்குள் பெட்ரோலே போய்விடும், கரி நனைந்து பாழாகும். நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி திணறித் திணறி ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் எஞ்சின் பக்கம் இருக்கும் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நிற்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதை மாற்றுவது சின்ன வேலை.

கேள்வி: பெட்ரோல் வாடை வருகிறது, ஆனால் 'செக் எஞ்சின்' விளக்கு எரியவில்லை. அப்படியானால் வண்டி நல்லபடியாகத்தானே இருக்கிறது?

பதில்: இல்லை. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார், பிக்கப்புகளில் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் கட்டாயம். ஆனால் ஆவிக் கசிவுச் சோதனையை அது எப்போதும் நடத்தாது. ஃபோர்டு வண்டிகளில் பொதுவாக டேங்க் 15 சதவீதத்துக்கு மேல், 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ததும்பத் ததும்ப நிரப்பும்போது மட்டும் கசிந்தால் கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் பரிசோதனையே செய்வதில்லை. விளக்கைவிட மூக்கை நம்புங்கள். விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0457 என்று வந்தால் மட்டும் முதலில் மூடியை இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: பிக்கப்பில் ஏறியதும் பெட்ரோல் நாறுகிறது என்கிறார் என் மனைவி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: அவர்தான்! தினமும் அதே வாடையில் உட்கார்ந்தால் மூக்கு பழகிப்போய் அதைக் கண்டுகொள்ளாது. இன்றே அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பானெட்டைத் திறங்கள்.

கேள்வி: அப்பா ஆசையாக வாங்கிய 1972 செவர்லே சி10. வெளியே துளி வாடை இல்லை. உள்ளேதான் மூச்சு முட்டுகிறது.

பதில்: உங்கள் வண்டியில் பெட்ரோல் டேங்க் சீட்டின் முதுகுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. 1973 மாடலில்தான் அதை வெளியே, சேஸிஸ் ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். சீட்டைக் கழற்றுங்கள். டேங்கின் தலையில் அளவு காட்டும் கருவியின் வாஷர், மூடிக்கும் டேங்குக்கும் இடையிலான ஹோஸ், குழாய் கேபின் சுவரைத் தாண்டும் இடத்தில் உள்ள ரப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். இத்தனை வருஷத்தில் அந்த ரப்பர் அப்பளமாக நொறுங்கியிருக்கும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடும் சாமர்த்தியம் இங்கே வேண்டவே வேண்டாம். சரியாகும் வரை இந்த வண்டிக்குள் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது.

கேள்வி: மிச்சிகனில் இருக்கிறேன். வெளியே குளிர். வார இறுதி வரை வண்டியை கராஜுக்குள் விட்டுவைக்கலாமா?

பதில்: வேண்டாம். சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே பற்றிக்கொள்ளும் ஆவியைப் பெட்ரோல் கொடுக்கும். உங்கள் ஊர்க் குளிர் அதை ஒன்றும் செய்யாது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்துபோகும். பல வீடுகளில் கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டர் கராஜில்தான் இருக்கிறது. அதன் நெருப்பு தரையிலிருந்து 18 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே விதி வைத்திருப்பது இதற்காகத்தான். வெளியே, வீட்டைவிட்டுத் தள்ளி நிறுத்துங்கள். அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்தால், எங்கே சொட்டுகிறது என்பதைக் காலையில் அதுவே காட்டும். அந்த ஊரில் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவதால் இரும்புக் குழாய்கள் சேஸிஸ் ஓரமாகத் துருப்பிடித்து இற்றுப்போகும். அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.

கேள்வி: கார்புரேட்டர் வைத்த பழைய பிக்கப். ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் பெட்ரோல் வாடை. ஆயில் அளவும் ஏறியிருக்கிறது! நல்ல சகுனமா?

பதில்: ஊற்றாமலே ஆயில் ஏறினால் பயப்பட வேண்டும். எஞ்சினோடு பொருத்திய பெட்ரோல் பம்ப்பின் டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலுக்குள் இறங்கும். கார்புரேட்டரின் ஊசி வால்வில் தூசி சிக்கி, மூடாமல் நின்றாலும் இதே கதி. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. பெட்ரோல் ஆவி எஞ்சினுக்குள்ளேயே வெடிக்கவும் கூடும். முதலில் கோளாறைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள். அதுவரை சாவி உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.