ஐந்து மூலையும் அரை வயிறும்

கைபேசியில் கோட்டை கட்டுகிற பிள்ளைக்கு வீட்டில் ஏச்சு விழாத நாள் இல்லை. இடியப்பம் ஆறிப்போகும், அவன் மதிலை ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருப்பான். தேத்தண்ணியில் ஆடை படரும், அவன் பீரங்கியைத் திருப்பி வைப்பான். 2012 இல் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் வந்த நாளிலிருந்து பல வீடுகளில் இதுதான் விடியற்காலைப் பூசை. இரவு எவனோ முகம் தெரியாதவன் வந்து கோட்டையை உடைத்துவிட்டுப் போயிருப்பான். இவன் பல் தீட்டமுன் புதுப்படம் கீறியாக வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வந்த வருத்தம் என்று பெரியவர்கள் சொல்வது சரித்திரம் தெரியாத பேச்சு. இதே வருத்தம் நன்றாக முற்றிய நிலையில், கல்லால் கட்டப்பட்டு, சுற்றி அகழியும் வெட்டப்பட்டு, முற்றவெளிக்குப் பக்கத்தில் ஐந்து மூலையோடு நிற்கிறது. யாழ்ப்பாணக் கோட்டை என்று அதற்குப் பெயர்.

போர்த்துக்கேயர் 1619 இல் இராச்சியத்தைப் பிடித்த கையோடு கட்டியது நாற்சதுரக் கோட்டை. 1658 இல் ஒல்லாந்தர் ரிக்ளொஃப் வான் கூன்ஸ் தலைமையில் வந்து அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். உள்ளே படையோடு சனமும் நெருக்கியடித்துக் கிடந்தது. சாப்பாடு தீர்ந்தது, நோய் பரவியது, ஜூனில் கதவு திறந்தது. இதில் படிக்க வேண்டிய பாடம் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்: அரிசி போதவில்லை. வென்றவர்கள் என்ன செய்தார்கள்? 1680 அளவில் பழைய நாற்சதுரத்தைக் கைவிட்டு ஐங்கோணமாகக் கட்டத் தொடங்கினார்கள். பசியால் விழுந்த கோட்டைக்கு ஒரு மூலையைக் கூட்டிப் பரிகாரம்! கைபேசிப் பிள்ளை செய்வதும் அச்சொட்டாக இதுதான். ஏன் தோற்றோம் என்று அவன் தேடமாட்டான், கோட்டைத் திருத்துவான். தமிழே இதற்கு உடந்தை. கோடு என்ற சொல்லோடு ஐ உருபு சேர்த்தாலும் கோட்டைதான் வருகிறது. கோட்டை மாற்றினால் கோட்டை நிற்கும் என்று நம்புகிறவனை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது.

ஐங்கோணம் வெறும் அழகுக்குக் கீறியது அல்ல என்று கட்டிடக்கலை தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வட்டமான கோபுரத்தின் அடியில் ஒருவன் வந்து ஒட்டிக்கொண்டால், மேலே நிற்பவனுக்கு அவனைத் தெரியாது. மூலையைக் கூராக்கி, ஈட்டிமுனை போல வெளியே நீட்டிவிட்டால் அந்த மறைவிடம் இல்லாமல் போகிறது. ஒரு கொத்தளத்தின் இடுப்பில் நின்று பார்த்தால் தன் அடி தெரியாது, அடுத்த கொத்தளத்தின் முகம் முழுவதும் தெரியும். எவரும் தம் வாசலைக் காப்பதில்லை. அயல் வாசலையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தாலியர் கண்டுபிடித்த முறை என்று புத்தகங்களில் இருக்கிறது. எங்கள் ஒழுங்கைகளை ஒருக்கா வந்து பார்த்துவிட்டுப் போனார்களோ என்னவோ. கொத்தளங்களுக்கு ஹொலண்ட், சீலாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், ஃபிரீஸ்லாந்து என்று தங்கள் ஊர் மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். ரொரன்ரோவில் வீடு வாங்கி வாசலில் ஊர்ப்பெயர் மாட்டுகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

ஆனால் கீறல் முடிந்தால்தானே? உள்மதில் எழுந்த பிறகு அதற்கு வெளியே ஒரு காப்பு. வெளிக்காப்பு எல்லாம் முடிந்தபோது ஆண்டு 1792. நூறு வருடத்துக்கு மேலாக மதிலை நகர்த்தியிருக்கிறார்கள். 1795 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஒரு வெடி தீராமல் கோட்டை கைமாறியது. பலமான கோட்டை என்பதால்தான் எவரும் முட்டிப் பார்க்கவில்லை, சண்டை நடக்காததே கோட்டையின் வெற்றி என்று இதற்கும் ஒரு சமாதானம் உண்டு. முட்டிப் பார்க்காமல் திரும்பிப் போயிருந்தால் அந்த வாதம் செல்லும். வந்தவன் உள்ளே போய்க் குடியிருந்துவிட்டானே! அங்கே நெதர்லாந்தைப் பிரெஞ்சுப் படை பிடிக்க, அதன் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடி, கியூ என்ற இடத்தில் இருந்துகொண்டு குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் விடச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார். கடிதத்தை மறிக்கிற கொத்தளம் இன்றுவரை எந்த விளையாட்டிலும் வரவில்லை.

ஒல்லாந்தர் ஒன்றுமே படிக்கவில்லை என்றால் அது அநியாயம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கிற குட்டிக் கோட்டையை அவர்கள் 1658 இல் பிடித்தது, உள்ளே இருந்தவர்களுக்குக் குடிதண்ணீர் இல்லாமல் போனதால். பிடித்தவர்கள் அதற்குப் பன்றித்தொடையின் குதிகால் என்று பொருள்படும் ஹமன்ஹீல் என்ற பெயரை வைத்தார்கள். இலங்கை முழுவதும் அவர்கள் கண்ணுக்கு ஒரு பன்றித்தொடை இறைச்சியாகத் தெரிந்திருக்கிறது. அத்தோடு நிற்காமல் உள்ளே மழைநீர் சேர்க்கத் தொட்டியும் அமைத்தார்கள். தீபகற்பத்தில் தோல்வியின் சரியான காரணத்துக்குச் சரியான மருந்து போட்டது அந்தச் சின்னக் கோட்டையில்தான். அதைப் பார்க்க எவரும் மெனக்கெடுவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் கண்ணுக்கு என்ன இருக்கிறது?

உண்மைக் கோட்டையோடு பொம்மைக் கோட்டையை ஒப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒப்பிட்டால் தேறுவது பொம்மைதான். போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை இடித்த கல்லும் இங்கே மதிலானது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். கைபேசிக் கோட்டைக்கு எந்தக் கோயிலும் இடிபடவில்லை. 1990 இல் ஜூன் தொடங்கிச் செப்டெம்பர் வரை இதே மதில்களைச் சுற்றி மறுபடியும் முற்றுகை நடந்தது. கடைசியில் உள்ளே இருந்த படை வெளியேறியது. கோட்டைக்குள் 1706 இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் அந்த யுத்தத்தில் கற்குவியலானது. அதில் பகிடிக்கு இடமில்லை.

விளையாட்டுகளிலும் எல்லாம் ஒரே தரமல்ல. கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் எவருக்கும் பசிக்காது. மூன்று நிமிடத்தில் சண்டை முடிந்துவிடும். அங்கே மூலை கணக்குப் பார்ப்பதில் நியாயம் உண்டு. 2001 இல் வந்த ஸ்ட்ரோங்ஹோல்டில் கதை வேறு: களஞ்சியம் காலியானால் சனம் முகத்தைத் திருப்பும், பிறகு ஊரை விட்டே போகும், மதில் எவ்வளவு உயரம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். 2006 இல் வந்த டுவார்ஃப் ஃபோட்ரஸில் குள்ளர்களுக்குக் குடிக்கச் சாராயம் தீர்ந்தால் வேலை படுக்கும், மனம் கெட்டவன் சாமானை உடைப்பான், அதைப் பார்த்து மற்றவன் உடைப்பான். பகைவன் வரமுன்னரே கோட்டை உள்ளிருந்து சரியும். வான் கூன்ஸின் ஆட்கள் இந்த இரண்டையும் ஒரு கிழமை விளையாடியிருந்தால் மூலைக்குச் செலவழித்ததில் பாதியை நெல்லுக்குக் கொடுத்திருப்பார்கள்.

இனி ஏசுகிறவர்களின் யோக்கியதை. வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் அங்கால் தள்ளி ஊன்றி, அந்த ஒரு சாணுக்காகப் பத்து வருடம் கோட்டுக்கு ஏறி இறங்கி, வழக்குச் செலவுக்கு மிச்சக் காணியையும் ஈடு வைத்த சனம் இது. இப்போது கிடுகு போய், ஆள் உயரத்துக்கு மேலே மதிலும், மதிலுக்கு மேலே போத்தல் ஓடும் வந்துவிட்டன. உள்ளே இரண்டு பேர் இருப்பார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். எந்தப் படை வருகிறது என்று தெரியவில்லை.

ஆகவே அடுத்த முறை பிள்ளை கைபேசியை நீட்டிப் புதுப்படத்தைக் காட்டினால் ஏசாதீர்கள். மூலைகளை எண்ணவும் வேண்டாம். களஞ்சியம் எங்கே என்று மட்டும் கேளுங்கள். அவன் தேடுகிற நேரத்தில் இடியப்பத்தைக் கையில் கொடுத்துவிடலாம்.